கோணிய வாயை நேராக்கும் சீனப் பொடி

மழையும் குளிரும் சேர்ந்த நாட்களில், புழு வளர்ப்பு மனையில் ஈரம் மிகுந்துவிட்டால், பட்டுப்புழுக்களில் சில தழை தின்னாமல் சோர்ந்து மடிவதையும், மடிந்தபின் உடல் விறைத்துச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துப் போவதையும் நம் அங்கத்தினரில் மல்பெரி பயிரிடுவோர் கண்டிருப்பர். சுண்ணாம்புக்கட்டு நோய் என்று நாம் வழங்குவது இதனையே. அவ்வாறு மடிந்த புழுக்களைப் பொறுக்கி எரித்துவிடுவதே முறை. ஒரு புழுவின் மேல் பூத்த வெண்பொடி தட்டு முழுவதையும் அழித்துவிட வல்லது. ஆனால், சீன தேசத்தில் இதே வெண்புழு ஒரு வியாபாரச் சரக்காக இருக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் எடை போட்டு விற்கிறார்கள். அதுமட்டுமன்று, இச்சரக்கிற்காகவே நல்ல புழுக்களுக்கு நோயை வலிய ஏற்றிக் கொன்று உலர்த்தும் தொழிலும் அங்கு நடைபெற்று வருகிறது.

இச்சரக்கு எதற்கென்று கேட்டால், மற்றப் பயன்களோடு முகவாதத்திற்கு என்றும் கூறுவர். ஒரு பக்கமாய்க் கோணிய வாயை நேராக்கும் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நம்பப்பட்டு வரும் சூரணம் ஒன்றில் இவ்வெண்புழு மூன்றில் ஒரு பங்கு. நாம் எரிக்கும் குப்பை பிறருக்கு மருந்தாயிருப்பின், அம்மருந்து உண்மையில் வேலை செய்கிறதா, உட்கொள்ளுவோர்க்குத் தீங்கில்லையா என்று அறியும் ஆவல் எழுவது இயல்பே. அதைத் தீர்ப்பதோடு இவ்வாராய்ச்சிக்கு வேறொரு பயனும் உண்டு. முகவாதம் கண்டவர்க்கு எண்ணெய், பற்று, பச்சிலை, பொடி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவோர் நம் ஊர்களிலும் இருக்கின்றனர். சீனப் பொடியை நிறுக்கும் தராசு நம்மூர்ப் பொடிக்கும் உதவும்.

முதலில் வியாதியின் தன்மையைப் பார்ப்போம். இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் எழுந்து வாய் கொப்பளிக்கும்போது ஒரு கடைவாய் வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. மறுபக்கத்துக் கண்ணை மூட முயன்றால் மூடவில்லை. சிலர்க்குக் காதின் பின்புறம் முன்னதாகவே வலி கண்டிருக்கும். சிலர்க்கு நாவில் சுவை மாறும். கையும் காலும் நன்றாக இருக்கின்றன. பேச்சு சிறிது குழறினாலும் அது உதடு ஒத்துழையாமையால் வருவதே. இவ்வாறு வேறு காரணம் எதுவும் புலப்படாமல் வருவதை, ஸ்காட்லாந்தில் பிறந்த சார்ல்ஸ் பெல் என்னும் அறுவை வைத்தியரின் பெயரால் மேனாட்டு வைத்தியர்கள் 'பெல் வாதம்' என்று வழங்குகின்றனர். முகத்தை அசைக்கும் நரம்பைப் பற்றி 1821-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின்முன் ஆராய்ச்சியுரை அளித்தவர் அவர்.

அந்நரம்பு மூளையிலிருந்து வெளிப்பட்டு, காதின் அருகிலுள்ள எலும்பில் ஒரு குறுகிய குழாய் வழியாக நுழைந்து முகத்திற்கு வருகிறது. நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. அச்சுப்பல்லின் இடைவெளியில் நூல் தாராளமாக ஓடும். அதே நூல் ஈரத்தில் ஊறிப் பருத்துவிட்டால் இறுகிக் கொள்ளும். நரம்பும் அவ்வாறே. ஏதோ ஒரு காரணத்தால் அது வீங்கினால், எலும்புக் குழாய் விரிந்து கொடுப்பதில்லை, நரம்பு நெரிபடுகிறது, முகத்தசைகளுக்குக் கட்டளை போய்ச் சேருவதில்லை. வீக்கத்திற்குக் காரணம், உதட்டோரத்தில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் என்னும் வைரஸ் கிருமி உடலில் உறங்கிக் கிடந்து மீண்டும் கிளர்ந்தெழுவதே என்பது பலருடைய அபிப்பிராயம். 1996-இல் ஜப்பானிய வைத்தியர்கள், இவ்வியாதி கண்ட 14 பேருக்கு அறுவை செய்தபோது 11 பேரின் நரம்பு நீரில் அக்கிருமியின் அடையாளத்தைக் கண்டனர். எனினும் எல்லோர்க்கும் அதுவே காரணம் என்று முடிவு கட்டியாகவில்லை. ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் மக்களில் ஏறக்குறைய 20 முதல் 30 பேர்க்கு இது வருகிறது. நீரிழிவு உள்ளவர்க்கும் பிள்ளைப்பேற்றை நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் சற்று அதிகமாகக் காண்கிறது.

இனிச் சூரணத்தைப் பற்றிக் கூறுவோம். சீன மொழியில் அதன் பெயர் 'சியென்ஜெங் ஸான்'. 'இழுத்து நேராக்கும் பொடி' என்பது பொருள். தென் ஸுங் அரசர் காலத்தில், 1178-ஆம் ஆண்டில், யாங் தான் என்பவர் தம் குடும்பத்தில் சேர்த்து வைத்திருந்த மருந்து முறைகளைத் தொகுத்து நூலாக்கினார். அந்நூலில் இது காணப்படுகிறது. சரக்குகள் மூன்றே. ஒன்று 'பைஃபூஸி' என்னும் கிழங்கு, இரண்டாவது நாம் மேலே கூறிய வெண்புழு, மூன்றாவது தேள். மூன்றையும் சம எடையாக, பக்குவம் செய்யாமல் பச்சையாகவே எடுத்து, நுண்ணிய பொடியாக்கி, வேளைக்கு மூன்று நான்கு கிராம் அளவு சூடான மதுவில் கலந்து உட்கொள்ள வேண்டுமென்பது விதி. காற்றும் கபமும் கூடி முகத்து நாடிகளை அடைத்துக்கொள்ளுவதால் வாய் கோணுகிறது என்றும், நெளிந்தும் ஊர்ந்தும் செல்லும் பிராணிகள் அக்காற்றை விரட்டும் என்றும் சீன வைத்தியர்கள் கருதினர். நம் முன்னோர் இதனை வாதத்தின் கோபம் என்று கொண்டதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

அவ்வைத்தியர்களை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. கை கால் விளங்காமற் போகும் பக்கவாதத்தினின்றும் முகத்தில் மட்டும் வரும் வாதத்தை அவர்கள் பிரித்தறிந்தனர். இப்பொடி பின்னதற்கே உரியது, முன்னதற்கு ஆகாது என்றும் எச்சரித்தனர். நுட்பமான கவனிப்பு அது. ஆனால் வியாதியைச் சரியாகக் கண்டறிதல் வேறு, மருந்து பலித்ததா என்று அறிதல் வேறு. முன்னது கண்ணால் ஆகும். பின்னதற்குக் கணக்கு வேண்டும்.

வெண்புழுவைப் பற்றி இங்கே ஒரு சிறு செய்தி. அதன் மேற்பூத்த பொடி என்ன என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு எவரும் அறியார். இத்தாலி நாட்டில் அகோஸ்தினோ பாஸ்ஸி என்பவர் 1807-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் இந்நோயை ஆராய்ந்தார். பார்வை மங்கிய நிலையிலும் விடாது உழைத்து, உயிருள்ள ஒரு பூஞ்சையே இதற்குக் காரணம் என்றும், ஒரு புழுவிலிருந்து மறு புழுவுக்கு அது தொற்றுகிறது என்றும் 1835-இல் வெளியிட்டார். கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிர் பிராணிகளுக்கு நோய் விளைக்கக்கூடும் என்பதற்கு முதன்முதல் கிடைத்த ருசு அதுவே. பாஸ்டர் பட்டுப்புழுவைத் தொட்டது அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர்தான். அப்பூஞ்சை இன்று பாஸ்ஸியின் பெயரையே தாங்கி 'பிவேரியா பாஸ்ஸியானா' என வழங்குகிறது. பயிர்ப் பூச்சிகளைக் கொல்ல நம் விவசாயிகள் வாங்கித் தெளிப்பதும் இதுவே. மல்பெரித் தோட்டத்தின் அருகில் அதைத் தெளிக்கலாகாது என்பதன் காரணம் இப்போது விளங்கும்.

பொடி பலிக்கிறதா? சீனத்தில் தலைமுறை தலைமுறையாக இதை உண்டு வாய் நேரானவர்கள் ஏராளமானோர் இருந்திருக்க வேண்டும். அவர்கள் பொய் சொல்லியிருப்பார்கள் என்று நாம் எண்ணவில்லை. வாய் கோணியது மெய். பொடி உண்டது மெய். வாய் நேரானதும் மெய். இம்மூன்று மெய்களையும் சேர்த்துப் பொடியால் வாய் நேராயிற்று என்று கூறும்போதுதான் தடுமாற்றம் நேருகிறது.

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இவ்வியாதி கண்டவர்களை இருபத்தைந்து ஆண்டுகள் கவனித்து எழுதிய கணக்கு 2002-இல் வெளியாயிற்று. காரணம் தெரியாத முகவாதம் கண்டவர் 1,701 பேர். அவர்களுக்கு மருந்து எதுவும் தரப்படவில்லை. வியாதி தன் போக்கில் என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்து வந்தனர். 100-க்கு 85 பேரிடம் மூன்று வாரத்திற்குள் முகம் அசையத் தொடங்கியது. எஞ்சியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதங்களில் அசைவு திரும்பியது. இறுதியாகப் பார்க்கையில் 100-க்கு 71 பேர்க்கு முகம் முற்றிலும் பழையபடி ஆகிவிட்டது. தொடக்கத்தில் முழுதும் செயலற்றுப் போகாமல் அரைகுறையாக வாதம் கண்டவர்களில் 94 பேர் முற்றும் தேறினர்.

இந்த எண்ணைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒரு வைத்தியரிடம் ஆண்டுக்கு இருபது பேர் முகவாதத்திற்காக வருகிறார்கள் என்று கொள்ளுவோம். அவர் விபூதியைக் கொடுத்தாலும் வெல்லத்தைக் கொடுத்தாலும் பதினான்கு பேர் முழு குணமடைந்து வாழ்த்துவர். மற்றவர்களிலும் பெரும்பாலோர்க்கு ஓரளவு குணம் தெரியும். அறவே ஏமாந்தவர் ஒருவரோ இருவரோ இருப்பர். அவர்களும் வேறு வைத்தியரைத் தேடிப் போய்விடுவர். பத்து ஆண்டில் அவர் கைராசிக்காரர் என்று நாடெங்கும் பேராகிவிடும். அவர் மோசக்காரர் அல்லர். அவரே தம் மருந்தை நம்புவார். தானே ஆறும் வியாதிக்கு எம்மருந்தும் சிறந்த மருந்தாகத் தோன்றும்.

பயிர் செய்வோர் இத்தந்திரத்தை அறிவர். நல்ல மழை பெய்த ஆண்டில் எந்த உரத்தைப் போட்டாலும் விளைச்சல் காணும். உரக்காரர் தம் உரத்தால் விளைந்தது என்பார். உண்மையை அறிய விரும்புகிறவர், அதே வயலில், அதே விதையை விதைத்து, அதே நீரைப் பாய்ச்சி, ஒரு பாத்திக்கு உரமிட்டு மறு பாத்தியை உரமின்றி விட்டுவைப்பார். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே உரத்தின் வேலை. மருந்திற்கும் இதுவே வழி. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு அதே தோற்றமுள்ள வெறும் மாத்திரையும் கொடுக்க வேண்டும். எவருக்கு எது என்பது உண்பவருக்கும் தெரியலாகாது. பின்னர் முகத்தைப் பார்த்து மதிப்பிடுபவருக்கும் தெரியலாகாது. முகத்தின் அசைவைக் கண்ணால் மதிப்பிடும்போது மனம் எதை விரும்புகிறதோ அதையே கண் காணும் என்பதால் இவ்விரண்டாவது நிபந்தனை மிகவும் முக்கியம்.

'இழுத்து நேராக்கும் பொடி'யைக் குறித்துச் சீன வைத்திய சஞ்சிகைகளில் ஆராய்ச்சிகள் பல வந்துள்ளன. பெரும்பாலானவற்றில் பொடி உண்டவர் அதிகமாய்க் குணமடைந்தனர் என்றே காண்கிறது. ஆனால் அவற்றின் அமைப்பை நோக்கினால் உள்ளம் நிறைவதில்லை. பலவற்றில் நோயாளிகள் சிறு தொகையினர். எவர் எதை உண்டார் என்பது மறைக்கப்படவில்லை. மூலப்பொடியோடு வேறு மூலிகைகளும் அவரவர் விருப்பப்படி சேர்க்கப்பட்டன. அதனுடன் ஊசி குத்தும் வைத்தியமும், சிலவற்றில் மேனாட்டு மாத்திரைகளும் கூடவே நடந்தன. நான்கு உரங்களை ஒன்றாய்ப் போட்டுவிட்டு ஒன்றின் பெயரால் விளைச்சலைச் சொல்லுவது போன்றது இது. மேலும் 'பயன் விகிதம்' என்று அவர்கள் எண்ணிக்காட்டும் தொகையில் முழுதும் தேறியவர், பெரும்பாலும் தேறியவர், சிறிது தேறியவர் ஆகிய யாவரும் சேர்ந்துவிடுகின்றனர். கோபன்ஹேகனில் மருந்தே இல்லாதவர்களை இக்கணக்கில் எண்ணியிருந்தால் அவ்விகிதம் நூறை எட்டியிருக்கும்! வெண்புழுவின் சாறு எலிகளின் வலிப்பைத் தணித்தது என்பன போன்ற ஆய்வுகூடச் செய்திகளும் உண்டு. அவை மேலும் ஆராயத் தூண்டலாம். வாய் கோணிய மனிதர்க்கு அவை சாட்சியம் ஆகா. ஆகவே, இப்பொடி பயனற்றது என்று நிலைநாட்டப்படவில்லை. பயனுள்ளது என்றும் நிலைநாட்டப்படவில்லை. எண்ணூறு ஆண்டு வழக்கம் இவ்வளவில்தான் நம்மைக் கொண்டுவந்து விடுகிறது.

இதற்கு எதிராக, சரியான முறையில் நடந்த ஒரு பரிசோதனையைக் கூறுவோம். ஸ்காட்லாந்தில் 17 ஆஸ்பத்திரிகளில், முகவாதம் தொடங்கி 72 மணி நேரத்திற்குள் வந்தவர்களாகிய 551 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய அச்சோதனையின் முடிவு 2007-இல் வெளியாயிற்று. ஒரு சாரார்க்குப் பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை பத்து நாட்கள் தரப்பட்டது. மூன்று மாதம் சென்றபின் அம்மாத்திரை உண்டவர்களில் 100-க்கு 83 பேர் முற்றும் தேறியிருந்தனர். உண்ணாதவர்களில் 64 பேர். ஒன்பது மாத முடிவில் முறையே 94 பேரும் 82 பேரும். ஹெர்ப்பீஸ் கிருமியை அடக்கும் அஸைக்ளோவிர் மாத்திரையையும் அதே சோதனையில் ஆராய்ந்தனர். அது தனியே பயன் தரவில்லை. ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் 839 பேரிடம் நடந்து 2008-இல் வெளியான மற்றொரு சோதனையும் பிரெட்னிசலோனுக்கே சார்பாக முடிந்தது.

மருந்து உண்ணாதவர்களிலும் 82 பேர் தேறினர் என்பதை அன்பர்கள் கவனித்திருப்பர். மெய்யான மருந்தின் மெய்யான பயன் 100 பேரில் பன்னிரண்டு பதின்மூன்று பேரை மேலும் காப்பதே. இத்தகைய வேறுபாடு தனி வைத்தியர் எவருடைய அனுபவத்திலும் புலப்பட்டிருக்காது. பாத்தி பிரித்துப் பார்த்ததாலேயே புலப்பட்டது. குழந்தைகள் விஷயத்தில் நிலைமை வேறு. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 187 குழந்தைகளிடம் நடந்து 2022-இல் வெளியான சோதனையில், ஒரு மாத முடிவில் இம்மாத்திரையால் தெளிவான நன்மை காணப்படவில்லை. குழந்தைகள் பெரும்பாலும் தாமாகவே நன்கு தேறிவிடுகின்றனர்.

இனி, பொடியால் தீங்கு உண்டா என்ற கேள்வி. பயன் ஐயத்திற்கு உரியதாயினும் தீங்கில்லையெனில் உண்டுவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கூறலாம். ஆனால் முதற்சரக்காகிய கிழங்கிலேயே ஆபத்து தொடங்குகிறது. 'பைஃபூஸி' என்னும் ஒரே பெயரால் இரண்டு வெவ்வேறு செடிகளின் கிழங்குகள் விற்கப்பட்டு வந்திருக்கின்றன. ஒன்று டைஃபோனியம் இனத்தது; நம் கருணைக்கிழங்கின் உறவு. மற்றது அக்கோனைட் இனத்தது. நம் வைத்தியர்கள் நாபி என்று வழங்கும் கொடிய நஞ்சின் உறவு. இன்றைய சீன அரசாங்க மருந்து நூல் முன்னதையே பைஃபூஸி என்று ஏற்கிறது. இவையன்றி வெறும் 'ஃபூஸி' என்றொரு சரக்கும் உண்டு. அதுவும் அக்கோனைட் இனமே. 'பை' என்பது வெண்மையைக் குறிக்கும் அடைமொழி. கடைக்காரர் எழுத்தை விழுங்கினாலும், வாங்குபவர் காதில் பிசகினாலும், வெட்டி உலர்த்திய பின் ஒன்றுபோல் தோன்றும் துண்டுகளில் கை தவறினாலும் ஒன்றிற்கு மற்றொன்று வந்துவிடும்.

கருணையின் உறவாகிய கிழங்கே பச்சையாக உண்ணத் தக்கதன்று. கருணைக்கிழங்கைப் புளி சேர்த்து வேகவைக்காமல் உண்டால் நாவும் தொண்டையும் எவ்வாறு அரிக்கும் என்று நாம் அறிவோம். ஊசிபோன்ற நுண்ணிய ஆக்ஸலேட் படிகங்கள் உள்ளே இருப்பதே அதற்குக் காரணம். சீனக் கிழங்கிலும் அவை உள்ளன. தொண்டை வீங்கி மூச்சுத் திணறவும் கூடும். ஆகவேதான் அதைப் பல நாள் ஊறவைத்து இஞ்சியும் படிகாரமும் சேர்த்துப் பக்குவம் செய்யும் முறை அங்கே ஏற்பட்டது. பழைய நூலோ பச்சையாகவே போடச் சொல்லுகிறது!

அக்கோனைட் கிழங்கு வந்துவிட்டாலோ விளைவு அரிப்போடு நிற்காது. அதிலுள்ள அக்கோனிடின் என்னும் நஞ்சு, நரம்பிலும் இதயத் தசையிலும் மின்னோட்டத்தை ஒழுங்குபடுத்தும் வாயில்களை மூடவிடாமல் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. உண்ட சில நிமிஷங்கள் முதல் ஓரிரண்டு மணி நேரத்திற்குள் உதடும் நாவும் மதமதக்கும். பின்பு கை கால்கள் மரத்துப் போகும். வாந்தியும் மயக்கமும் வரும். இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போதலும் உண்டு. இரண்டு மில்லிகிராம் அளவே ஆளைக் கொல்லப் போதியது. முறிமருந்து கிடையாது. முகவாதத்திற்கு மருந்துண்டவர் உதடு மதமதப்பதைக் கண்டு, மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்திருந்துவிடுவாரோ என்பது நம் அச்சம்.

நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் இந்நஞ்சு சிதைந்து வீரியம் மிகவும் குறைகிறது. நாபியைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கலாகாது என்று நம் சித்த, ஆயுர்வேத நூல்கள் விதித்ததும் அனுபவத்தில் கண்ட இவ்வுண்மையே. இதே அக்கோனைட் இனக் கிழங்கிலிருந்து ஒரு பொருளைத் தனியே பிரித்து, இதயத் துடிப்புக் கோளாற்றிற்குச் சீனத்தில் ஊசி மருந்தாகவும் ஆக்கியிருக்கிறார்கள் என்பது விந்தையான செய்தி. பிரித்து, அளந்து, ஆஸ்பத்திரியில் காவலிருந்து கொடுப்பதற்கும், கிழங்கை இடித்து மதுவில் கலந்து குடிப்பதற்கும் உள்ள தூரம் இதனால் விளங்கும்.

புழுவும் தேளும் அவ்வளவு கொடியன அல்ல. தேளைக் கொதிநீரிலிட்டுக் கொல்லுவதால் நஞ்சின் பெரும்பகுதி சிதைகிறது. எனினும் பூச்சிப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்க்குத் தடிப்பும், மூச்சிரைப்பும், சில சமயம் உயிருக்கே ஆபத்தும் நேரலாம். பட்டுப்புழுக் கூட்டில் வேலை செய்து இருமலும் தும்மலும் கண்டவர்கள் இவ்விஷயத்தில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சரியாக உலராத புழுவிலும் தேளிலும் நிலக்கடலையில் காண்பது போன்ற அஃப்ளடாக்ஸின் நஞ்சு பிடிக்கும். சீன மருந்து நூலே இவ்விரண்டிற்கும் அந்நஞ்சின் உச்ச அளவை வகுத்திருக்கிறது. கர்ப்பிணிகள் தேளை உட்கொள்ளவே கூடாது என்றும் அந்நூல் தடுக்கிறது. நம் மனையில் மடிந்த புழுவை மருந்தாகுமே என்று எடுத்து வைப்பவர் உளரேல், அவருக்கு ஒரு வார்த்தை. அதை வைத்திருப்பது அடுத்த ஈட்டுப் புழுவுக்கு யமனை வீட்டில் வைத்திருப்பதாகும். அப்பூஞ்சை மனிதரை எளிதில் பற்றுவதில்லை. ஆயினும் கண்ணிற்பட்டுக் கருவிழியில் புண் உண்டாக்கியதாக அரிதாகச் செய்திகள் உண்டு.

பெயரில்லாத பொட்டலங்களில் வரும் 'மூலிகைப் பொடி'களைப் பற்றியும் கூற வேண்டும். மூலிகை மட்டுமே என்று விற்கப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு மறைவாகக் கலந்திருந்தது பல நாடுகளில் சோதனையில் வெளிப்பட்டிருக்கிறது. அத்தகைய பொடி முகவாதத்தில் நன்றாகவே வேலை செய்யக்கூடும்! ஆனால் அளவு தெரியாமல் உண்ணும் நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை கட்டுமீறும். குடற்புண் உள்ளவர்க்கு இரத்தம் கசியும். வைத்தியர் எழுதித் தரும் அதே மருந்திற்கு அளவும் நாளும் உண்டு, இரத்தப் பரிசோதனையும் உண்டு.

நஞ்சைவிடவும் அதிகம் பேரைக் கெடுப்பது காலதாமதம். ஸ்டீராய்டு மாத்திரையின் பயன் நிலைநாட்டப்பட்டது முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கியவர்களிடமே. பொடியை ஒரு வாரம் உண்டு பார்ப்போம், பற்றுப் போட்டுப் பார்ப்போம் என்றிருந்துவிட்டால் அந்த மூன்று நாளும் திரும்பி வாரா. அதைவிடப் பெரிய தவறு, பக்கவாதத்தை முகவாதம் என்று எண்ணிவிடுவது. வேறுபாட்டை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். புருவத்தை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். முகவாதத்தில் கோளாறுள்ள பக்கத்து நெற்றியில் சுருக்கம் விழாது. நெற்றி இருபக்கமும் நன்றாகச் சுருங்கி, வாய் மட்டும் கோணியிருந்தால், மூளையில் இரத்தம் அடைபட்டதோ என்று ஐயுற வேண்டும். கையோ காலோ தளர்ந்தாலும், சொல் தடுமாறினாலும், திடீரெனப் பார்வை குன்றினாலும், நெற்றி எவ்வாறிருப்பினும் 108-ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் போடவேண்டியது.

நெற்றியும் சுருங்காமல் முகவாதமாகவே தோன்றினாலும் வைத்தியர் பார்க்க வேண்டிய காரணங்கள் வேறு சில உண்டு. காதினுள் கொப்புளம் இருந்தால் அது வேறு கிருமி, சிகிச்சையும் வேறு. காதில் சீழ், கன்னத்துச் சுரப்பியில் கட்டி, தோலில் உணர்ச்சியற்ற தேமல் ஆகியவற்றையும் வைத்தியர் தேடுவார். தேமலும் கண்மூடாமையும் சேர்ந்தால் தொழுநோயாக இருக்கலாம்; அது இன்று மாத்திரையால் முற்றும் தீர்வது, மறைப்பதற்கு உரியதன்று. வாரக் கணக்கில் சிறிது சிறிதாகக் கோணிக்கொண்டே வருவது பெல் வாதத்தின் இயல்பு அன்று.

கண்ணைக் காப்பதில் தவறினால், வாய் நேரான பின்பும் பார்வை போயிருக்கும். இமை மூடாதபோது கருவிழி வறண்டு, தூசி பட்டுப் புண்ணாகிறது. தறி மேடையில் பஞ்சுத் தும்பும், பட்டு நூற்குமிடத்தில் ஆவியும், களத்தில் பதரும் பறக்கும் நம் தொழில்களில் இவ்வபாயம் மிகுதி. பகலில் வைத்தியர் கூறும் கண்ணீர்த் துளி மருந்தை அடிக்கடி விடுவதும், வெளியில் செல்லும்போதும் தறியில் அமரும்போதும் பக்கம் மறைத்த கண்ணாடி அணிவதும், இரவில் களிம்பிட்டு இமையைத் தாழ்த்தி மெல்லிய பிளாஸ்திரியால் ஒட்டிப் படுப்பதும் போதும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, மங்கினாலோ அன்றே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும். கண்ணில் பச்சிலைச் சாறோ, தாய்ப்பாலோ, எண்ணெயோ விடுதல் ஆகாது. கன்னத்தில் வெதுவெதுப்பாக ஒற்றடம் கொடுப்பதையும், கண்ணாடி பார்த்து முகத்தை மெல்ல அசைத்துப் பழகுவதையும் தடுப்பாரில்லை. கொப்புளம் எழுப்பும் காரமான பற்றுகளை முகத்தில் போடலாகாது. முகத்தில் விழுந்த தழும்பு வாதத்தோடு போவதில்லை.

ஏற்கெனவே எப்பொடியையாவது உண்டுவிட்டவர்கள் அதனை வைத்தியரிடம் மறைக்க வேண்டியதில்லை. கடிந்துகொள்ளுவாரே என்று அஞ்சுவதும் வேண்டா. பொட்டலத்தை எறியாமல் கையோடு கொண்டுபோய், எந்த நாளில் எவ்வளவு உண்டது, உண்டபின் உதடோ நாவோ மரத்ததா என்பதைச் சொல்ல வேண்டும். மரத்திருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே புறப்பட்டு, இதயத் துடிப்பைக் கருவியில் பார்க்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.